ஐந்து கோட்டு எழுத்தும் ஒரு பெட்டிச் சிப்பியும்

வேலை முடிந்து வந்தபோது தபால் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது பார்சல்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் சீட்டு. அனுப்பியவர் ஜப்பானின் வட கோடித் தீவான ஹொக்கைடோவுக்கு மாற்றலாகிப் போன என் பழைய சக ஊழியர். உள்ளே என்ன பொருள் என்ற கட்டத்தில் கையால் எழுதிய இரண்டே எழுத்து. இரண்டுமே எனக்குத் தெரிந்தவை. முதல் எழுத்து 'செய்', அடுத்தது 'புத்சு'. செய்புத்சு என்றால் உயிரினம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்துக்கும் அதுதான் பெயர்.

என் மகளுக்குப் பூச்சி, வண்டு என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். சரி, படம் போட்ட உயிரியல் புத்தகம் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அன்று புதன்கிழமை. நிதானமாகச் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லிப் பதிவு செய்தேன். சீட்டின் மூலையில் குளிர்பதனக் கட்டத்தில் டிக் போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை வந்தது தெர்மகோல் பெட்டி. கொண்டுவந்த பையன் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே, "நமாமோனோ, சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்" என்றான். உள்ளே ஹொக்கைடோவின் ஹொத்தாதே, அதாவது கைவிரித்த அகலத்துக்குச் சிப்பிகள். பச்சையாகச் சாப்பிட வேண்டியவை. மூன்று நாள் கழித்து அவற்றைப் பச்சையாகச் சாப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. மனைவி மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். அனுப்பியவரிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

அந்த இரண்டு எழுத்தை 'செய்புத்சு' என்று படித்தால் உயிரினம். 'நமாமோனோ' என்று படித்தால் சமைக்காத, கெட்டுப்போகக்கூடிய உணவு. எழுதினால் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. இதில் முதல் எழுத்துதான் என்னை இரண்டு வருடமாக ஆட்டிவைக்கும் எழுத்து.

பார்ப்பதற்கு அப்பாவி எழுத்து. இடப்பக்கம் ஒரு சின்னச் சாய்கோடு, மூன்று கிடைக்கோடுகள், அவற்றை ஊடுருவி இறங்கும் ஒரு நெட்டுக்கோடு. மொத்தம் ஐந்து கோடு. ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் 80 கான்ஜிகளில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில், இதுவும் ஒன்று. (ஊருக்கு ஃபோன் செய்து 'கான்ஜி படிக்கிறேன் அம்மா' என்று ஒருமுறை சொன்னேன். 'ஏன்டா, உடம்புக்கு என்ன?' என்று பதறிவிட்டார். இன்னும் எங்கள் வீட்டில் அது கஞ்சிதான்.) முதல் வகுப்பு எழுத்தாயிற்றே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

ஜப்பானிய அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று வெளியிட்ட பட்டியலை ஜோயோ கான்ஜி என்பார்கள். 2010இல் திருத்திய பிறகு அதில் 2136 எழுத்துகள். அந்தப் பட்டியலில் இந்த ஐந்து கோட்டு எழுத்துக்கு எதிரே 12 வாசிப்புகள் இருக்கின்றன. செய், ஷோ, இக்கிரு, இக்காசு, இக்கெரு, உமாரெரு, உமு, ஓ, ஹாஎரு, ஹாயாசு, கி, நமா. 'கீழே' என்ற பொருள்தரும் எழுத்துக்கும் இதேபோல் 12 உண்டு. பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் ஒன்று, இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் நல்ல பிள்ளைகள்.

நான் என்ன செய்தேன்? நம் ஊரில் படித்தவன் வேறு என்ன செய்வான், மனப்பாடம். வாய்ப்பாடு மாதிரி. தோக்கியோவில் நிஷி-கசாயிலிருந்து ஓத்தேமாச்சி போகும் தோஸாய் வழித்தட ரயிலில், காலை நெரிசலில், அடுத்தவர் முதுகுப்பை மூக்கில் இடிக்க, செய் ஷோ இக்கிரு இக்காசு என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். மூன்று வாரத்தில் மூச்சுவிடாமல் சொல்ல வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சமுதாயக் கூடத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக ஜப்பானியம் சொல்லித்தரும் அம்மாவிடம் (எழுபது தாண்டியவர், சென்செய் என்றே இங்கும் சொல்கிறேன்) போய்ப் பெருமையாக ஒப்பித்தேன். அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்படியா, பன்னிரண்டா இருக்கிறது?" என்றார் ஆச்சரியமாக. அவருக்கே தெரியாது!

அப்புறம் கேட்டார்: "சரி, ஹாயாசு என்ற சொல்லை எப்போது சொல்வீர்கள்?"

தெரியவில்லை. அவர் என் முகத்தைக் காட்டினார். அப்போது நான் தாடி வளர்த்துக்கொண்டிருந்தேன். "ஹிகெ ஓ ஹாயாசு." தாடி முளைக்கவிடுவது. அந்த ஒரு சொல் அன்று மண்டையில் ஏறியதுதான், தாடியை எடுத்த பிறகும் போகவில்லை. ரயிலில் நெட்டுருப் போட்டது எல்லாம் ஒரு மாதத்தில் ஆவியாகிவிட்டது.

ஒரே எழுத்துக்கு எப்படி இத்தனை வாய்? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எழுத்து சீனத்தில் பிறந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய வடிவத்திலேயே இது இருக்கிறது: மண்ணுக்கு மேலே தலைநீட்டும் ஒரு முளை. எழுத்து ஜப்பானுக்கு வரும்போது அதன் சீன ஒலியும் கூடவே வந்தது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதலில் தென் சீனப் பக்கத்து உச்சரிப்பு, பௌத்த நூல்களோடு வந்தது. அது 'ஷோ' ஆயிற்று. அப்புறம் தாங் வம்சக் காலத்தில் தலைநகர் சாங்ஆனுக்குப் போய்ப் படித்துவந்தவர்கள் வடக்கத்தி உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள், அது 'செய்'. பழையதைத் தூக்கிப்போடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். நாமும் செய்ததுதானே. ஆஸ்பத்திரி என்று ஒன்று, ஹாஸ்பிட்டல் என்று ஒன்று. ஒரே சொல் இரண்டு முறை வந்து இரண்டும் தங்கிவிட்டது. தர்ம ஆஸ்பத்திரியை யாரும் தர்ம ஹாஸ்பிட்டல் என்பதில்லை.

அதனால்தான் 'ஷோ' வரும் இடங்களில் கொஞ்சம் ஊதுபத்தி வாசம் அடிக்கும். பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்ற நான்கையும் பௌத்தர்கள் 'ஷோ ரோ ப்யோ ஷி' என்பார்கள். அந்த முதல் 'ஷோ' நம் எழுத்துதான். 'செய்' வரும் இடங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், அலுவலகம், செய்தித்தாள். ஜின்செய் என்றால் வாழ்க்கை. சென்செய் என்ற சொல்லைப் பிரித்தால் முன்னே பிறந்தவர். ஆசிரியரையும் மருத்துவரையும் வழக்கறிஞரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். என் மகள் இச்சிநென்செய், முதல் வகுப்புப் பிள்ளை. அதன் கடைசியிலும் இதே எழுத்து.

ஷோ பற்றி ஒரு சின்ன வேடிக்கை. பிறந்தநாளுக்கு 'தன்ஜோபி' என்பார்கள். 'ன்' என்ற ஒலிக்குப் பின்னால் ஷோ, ஜோ ஆகிவிட்டது. வாழ்நாள் முழுதும் என்பதற்கு 'இஷ்ஷோ'. இங்கே ஒற்று இரட்டித்ததும் அழுத்தமாகவே நிற்கிறது. பஞ்சு, அச்சு இரண்டையும் சொல்லிப்பாருங்கள். அதே சங்கதி. நம் சகரம் எழுத்தில் மாறாமல் வாயில் மட்டும் மாறுகிறது. கடல், தங்கம், மகன் மூன்றிலும் ககரம் வேறு வேறு ஒலி. நான் 'இக்கிரு' என்று ஒற்றுப் போட்டு எழுதுவதே, போடாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி படித்துவிடுவீர்கள் என்ற பயத்தில்தான். நமக்கு 'ஓர் எழுத்து, ஓர் ஒலி' என்ற மிதப்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானியத்திலும் இது எல்லா இடத்திலும் நடக்காது. ஜின்செய்யில் 'ன்' வந்தும் செய், செய்யாகவேதான் இருக்கிறது. ஏன் என்று சென்செய்யைக் கேட்டேன். சிரித்தார்.

இதுவரை சொன்னது சீனத்திலிருந்து வந்த இரண்டு வாசிப்பு. மீதிப் பத்தும் எழுத்து வருவதற்கு முன்பே ஜப்பானியர் வாயில் இருந்த சொந்தச் சொற்கள். பிறப்பதற்கு ஒரு சொல், முளைப்பதற்கு ஒரு சொல், உயிர்வாழ்வதற்கு ஒரு சொல், சமைக்காததற்கு ஒரு சொல் என்று தனித்தனியாக இருந்தன. எழுத்து ஒன்றுதான் வந்தது. எல்லாரையும் அதற்குள் குடிவைத்துவிட்டார்கள்.

இது விசித்திரமாகத் தோன்றினால் 2 என்ற இலக்கத்தைப் பாருங்கள். '2 பேர்' என்று எழுதியிருந்தால் ரெண்டு பேர் என்று படிக்கிறோம். '20' என்றால் அதே 2 'இரு' ஆகிவிடுகிறது. '2ஜி' என்றால் டூ. '12'இல் அது எங்கேயோ 'பன்னிரண்டு'க்குள் ஒளிந்துகொள்கிறது. இலக்கம் எங்கிருந்தோ வந்த படம். ஒலி நம்முடையது, சில இடத்தில் வெள்ளைக்காரனுடையது. 2 என்ற குறிக்கு நான்கு வாசிப்பு என்று நாம் யாரும் நெட்டுருப் போட்டதில்லை. ரெண்டு ரூபாய், இருபது ரூபாய் என்று சொற்களாகத்தான் தெரியும். சென்செய்க்குத் தன் எழுத்தின் வாசிப்புகள் எத்தனை என்று தெரியாமல் போனதும் இதனால்தான்.

படிப்பவருக்கு உதவி செய்யவும் ஏற்பாடு இருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் ஹிராகானாவில், அதாவது ஒலியை மட்டும் காட்டும் ஜப்பானிய எழுத்தில், ஒரு வால் வரும். ஒக்குரிகானா என்பார்கள். வால் 'கிரு' என்றால் இக்கிரு, 'மாரெரு' என்றால் உமாரெரு, 'எரு' என்றால் ஹாஎரு. 20-இல் என்றோ 2ஆம் என்றோ நாம் ஒட்டு போடுகிறோமே, அதுபோல. வாலைப் பார்த்துத் தலையைச் சொல்ல வேண்டும். வால் இல்லாமல் மொட்டையாக வரும்போதுதான் வம்பு. என் சிப்பிப் பெட்டியில் வந்தது அந்த வம்புதான்.

இப்போது 'நமா'வுக்கு வருகிறேன். எனக்கு இந்த எழுத்தில் மிகப் பிடித்த இடம்.

என் பாடப்புத்தகத்தில் இந்த எழுத்துக்கு 'வாழ்வு' என்று ஒரே பொருள்தான் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தலை சுற்றும். முட்டைக்கு முன்னால் இந்த எழுத்து. மதுக்கடைப் பலகையில் இந்த எழுத்து மட்டும் தனியாக, பெரிதாக. துணிக்கடையில் இந்த எழுத்து. எங்கே பார்த்தாலும் வாழ்வா என்று விழித்தேன்.

தமிழில் யோசித்தபோதுதான் பூட்டு திறந்தது. நமா தமாகோ: பச்சை முட்டை. நமாமிசு: பச்சைத் தண்ணீர், காய்ச்சாதது. நமாகி: பச்சை மரம், காயாதது. நமாகிசு: பச்சைப் புண், இன்னும் ஆறாதது. ஒவ்வொன்றுக்கும் நாம் போடும் சொல் 'பச்சை'. சொல்லப்போனால் பச்சரிசியும் அதுதான், அவிக்காத அரிசி. நமக்கு நிறத்தின் பெயர், அவர்களுக்கு முளையின் படம். இரண்டு பேரும் மண்ணிலிருந்து இப்போதுதான் தலைநீட்டிய ஒன்றைப் பார்த்துத்தான் புறப்பட்டிருக்கிறோம்.

'கி' என்ற வாசிப்பும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன். கலப்பில்லாதது, பதப்படுத்தாதது என்று பொருள். கச்சாப் பட்டு நூலுக்கு கிஇத்தோ. தைக்காத துணிக்கும், சுடாத ரொட்டி மாவுக்கும் கிஜி. துணிக்கடையில் நான் பார்த்தது இதைத்தான். பரம்பரையாக எதோவில், அதாவது பழைய தோக்கியோவில், பிறந்து வளர்ந்த ஆளை 'கிஸ்ஸுய்' எதோக்காரன் என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பச்சைத் தமிழன் என்று காமராஜரைப் பெரியார் சொன்னாரே, அதே பச்சை.

இதைச் சென்செய்யிடம் எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் உளறிக்கொட்டினேன். எங்கள் ஊரில் பிறந்த குழந்தையையும் பச்சைக் குழந்தை என்போம், பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பலகையில் ஒரு சொல்லை எழுதினார். மிதொரிகோ. பழைய ஜப்பானியச் சொல். மிதொரி என்றால் பச்சை நிறம், கோ என்றால் குழந்தை. கைக்குழந்தை என்று பொருள். இந்தச் சொல்லில் நம் எழுத்து வரவில்லை. ஆனாலும் அன்று மாலை முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பச்சையை ரொம்பவும் இழுக்கக் கூடாது என்பதும் போகப்போகத் தெரிந்தது. மனசில்லாமல் 'ம்ம்' கொட்டுவதற்கு நமாஹென்ஜி என்பார்கள். அங்கே நமா என்றால் அரைவேக்காடு. துணி பாதி காய்ந்தால் அதுவும் நமா. நேரலை ஒளிபரப்புக்கு நமாஹோசோ. மதுக்கடையில் உட்கார்ந்ததும் எல்லாரும் 'முதல்ல நமா' என்பது சூடுபடுத்திப் பதப்படுத்தாத பீருக்கு. நான் முதல் முறை பலகையைப் பார்த்து 'செய் ஒன்று' என்றேன். பரிமாறிய பெண் மிக மரியாதையாகப் புரியாத முகம் காட்டினாள்.

பெயர்கள் தனி நரகம். அதில் வால் கிடையாது, விதியும் கிடையாது. தோக்கியோவின் மேற்குப் பகுதியில் ஃபுஸ்ஸா என்று ஓர் ஊர். அதன் இரண்டாவது எழுத்து இதுதான். குன்மாவில் கிர்யூ. கியோத்தோவில் மிபு. நாராவில் இக்கோமா. பன்னிரண்டு வாசிப்பையும் கரைத்துக் குடித்திருந்தாலும் ஃபுஸ்ஸாவைப் படிக்க முடியாது. பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 2014, 2018 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஹன்யூ யுசுருவும், 1996இல் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தின் ஏழு பட்டங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்த ஹபு யோஷிஹாருவும் குடும்பப் பெயரை ஒரே இரண்டு எழுத்தால்தான் எழுதுகிறார்கள். ஒருவர் ஹன்யூ, மற்றவர் ஹபு. 2018இல் மக்கள் கௌரவ விருது இருவருக்குமே கொடுத்தார்கள். விருதுப் பட்டியலை எழுத்தில் மட்டும் பார்த்திருந்தால் நான் அண்ணன் தம்பி என்று நினைத்திருப்பேன். இங்கே எந்தப் படிவத்திலும் பெயருக்கு மேலே 'எப்படிப் படிப்பது' என்று தனிக் கட்டம் இருப்பது வெளிநாட்டுக்காரர்களுக்காக என்று எண்ணியிருந்தேன். இல்லை, அவர்களுக்காகத்தான்.

பட்டியலை விட்டுவிட்ட பிறகு வாசிப்புகள் ஒவ்வொன்றாக, தங்கள் இஷ்டத்துக்கு வந்தன. வேறு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அனுபவத்தை இங்கே எப்படிப் 'பயன்படுத்துவீர்கள்' என்று கேட்டார்கள். அந்தச் சொல் இக்காசு. அனுபவத்துக்கு உயிர் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வேலை கிடைக்கவில்லை, சொல் கிடைத்தது. இக்கெருவைப் பூ கொண்டுவந்தது. பூ அலங்காரக் கலையான இக்கெபானாவின் முதல் பாதி அது. 'ஓ' மட்டும் இன்றுவரை பேச்சில் என் காதில் விழவில்லை. ஒருவர் பிறந்து வளர்ந்த கதையை ஒய்தாச்சி என்பார்கள், அதன் தலையில் இருக்கிறது என்று புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

ஹாஎரு வந்த விதம்தான் தனி. மகளுக்கு ஆறு வயதில் மேல் முன்பல் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. பள்ளிவிட்டு வந்து வாயைத் திறந்து காட்டினாள். நான் தமிழில்தான் கேட்டேன், "எப்ப பாப்பா முளைக்கும்?" அவள் ஜப்பானியத்தில், "சீக்கிரம் ஹாஎரு, அப்பா" என்றாள். பல்லுக்கும் புல்லுக்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன். "முளைக்கும்னு நீங்களும் ஒரே சொல்லுதானே சொல்றீங்க?" என்றாள்.

போன மாதம் கசாய் ரின்காய் பூங்காவுக்குப் போயிருந்தோம். புல்வெளி ஓரத்தில் ஒரு பலகை. கால் தடத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம், பக்கத்தில் எழுத்து. முதல் எழுத்து 'ஷிபா' என்று எனக்குத் தெரியும், புல். இரண்டாவது நம் ஆள். வால் இல்லை. நின்று யோசித்தேன். ஷிபாசெய்? ஷிபாஷோ? ஷிபாநமா?

"அப்பா, அது ஷிபாஃபு" என்றாள் மகள். முதல் எழுத்து அவள் இன்னும் படிக்காதது. அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. படத்தையும் புல்லையும் பார்த்துச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஷிபாஃபு அந்த 12க்குள் வராது. பட்டியலின் பின்னிணைப்பில், தனிச் சொல்லாக, தனியே உட்கார்ந்திருந்தது.

அன்று பலகை முன்னால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். முன்பல் இல்லாத வாயில் கடைசி ஒலி வெறும் காற்றாக வந்தது. மூன்றாவது முறை கேட்டதற்கு, பல் முளைத்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பலகையைத் தாண்டிப் புல்வெளிக்குள் ஓடிவிட்டாள்.